வார்த்தை சொன்னால்தான் லைன்

எங்கள் கம்பெனியில் ஆபரேட்டரம்மாவிடம் வெளி லைன் கேட்பது ஆங்கிலப் பரீட்சை எழுதுவதற்குச் சமம். நான் பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் ஒரு தடவை கோட்டை விட்டவன். என் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தொண்ணூற்றியொன்றில் நான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஒரு வால்வு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் டிரெய்னியாக இருந்தேன். சுற்றிலும் வயல், நடுவில் நாங்கள் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். கம்பெனி முழுக்க மேஜைக்கு மேஜை டெலிபோன் இருந்தது. ஆனால் வெளியுலகத்தோடு பேச இரண்டே லைன். அந்த இரண்டும் கேட் பக்கத்து அறையில், சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கும் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டரம்மாவின் கையில் இருந்தன. வெளியே பேச வேண்டுமென்றால் அந்த அறைக்கே போய் நிற்க வேண்டும்.

அவர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சரக்கு ஏற்றவும் இறக்கவும் வந்து நிற்கும் லாரிகள். அப்போது லாரிகளின் நம்பர் பிளேட்டில் மூன்று ஆங்கில எழுத்துகள், அப்புறம் எண். மாநிலப் பெயரும் வட்டார எண்ணும் போட்ட புது பிளேட்டுகள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. அவற்றை அவர் வண்டியாகவே மதிப்பதில்லை. மூன்று எழுத்துள்ள லாரி வந்து நின்றால் போதும், அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற ஓர் ஆங்கில வார்த்தையைக் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. முன்னாலும் நடுவிலும் பின்னாலும் வேறு எழுத்துகள் வரலாம். வரிசை மாறக் கூடாது. டி.எம்.எல். என்றால் தெர்மல். டி.சி.ஆர். என்றால் டீச்சர். டி.டி.ஆர். என்றால் பட்டர்.

அவர் தனக்குள் விளையாடிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவருக்கு ஒரு வார்த்தை மாட்டாவிட்டால் அந்த நேரத்தில் லைன் கேட்கிறவன் தலையில் அது விழும்.

"மேடம், பூந்தமல்லிக்கு ஒரு லைன்."

"தரேன் தம்பி. மொதல்ல இத்த சொல்லு. டி, எஸ், வை."

"மேடம், அர்ஜென்ட்."

"எனக்கும் அர்ஜென்ட்தான். காலைலேர்ந்து மண்டைக்குள்ள சுத்திக்கினே கீது."

நாற்பதைத் தாண்டியவர். பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவார். சைக்கிளில் வரும்போதும் பார்வை எதிரே வரும் வண்டிகளின் பிளேட்டில்தான் இருக்கும். ஒரு தடவை வாய்க்காலில் இறங்கியிருக்கிறார். சேலையெல்லாம் சேறாக வந்து நின்றவர், "சாப்பாடு கொட்டிப் போச்சி, ஆனா வார்த்த கெடச்சிடுச்சி" என்றார்.

கம்பெனியே இதற்குப் பழகிவிட்டது. காலையில் கேட்டுக்குள் நுழையும்போது எல்லோரும் வரிசையில் நிற்கும் லாரிகளின் பிளேட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான் போவார்கள். போன் பேச வேண்டியிருக்கிறவன் டீ நேரத்தில், ஆங்கிலம் தெரிந்த அக்கவுன்டன்டிடம் போய் ஒரு வார்த்தைக்குக் கெஞ்சுவான். அந்த டி.எஸ்.வை.க்குக் கேன்டீன்காரர்தான் "டேஸ்டி" என்று சொல்லி லைன் வாங்கினார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டு நாங்கள் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சிரித்தோம்.

லாரி டிரைவர்களும் தப்பவில்லை. எம்.டி.ஆர். வண்டிக்காரர் ஒருவர், தன் வண்டிக்கு ஆபரேட்டரம்மா என்ன வார்த்தை வைத்திருக்கிறார் என்று என்னிடம் விசாரித்தார். நானும் வாய் சும்மா இருக்காமல் "மர்டர்" என்றேன். மனுஷன் வெலவெலத்துப் போய்விட்டார். நேரே ஜன்னலுக்குப் போய், "யம்மா, வூட்ல புள்ளகுட்டிக்காரன். வேற எதுனா வெய்யி யம்மா" என்று நின்றார். ஆபரேட்டரம்மா கொஞ்சம் யோசித்து, "மாடர்ன்" என்றார். அதற்கப்புறம் அந்த டிரைவர் எப்போது வந்தாலும் ஜன்னல் கட்டையில் ஒரு கொய்யாப்பழம் வைத்துவிட்டுத்தான் லோடு இறக்குவார்.

அவரிடம் ஒரு பழைய அகராதி இருந்தது. அட்டை கிடையாது, முதல் எழுத்தின் பக்கங்கள் முழுதுமே கிடையாது. எலி தின்றதா, யாராவது பொட்டலம் மடித்தார்களா, தெரியாது. ஆகவே 'ஏ'யில் தொடங்கும் எந்த வார்த்தையும் அவர் ராஜ்ஜியத்தில் செல்லாது. "கெடயாதுன்னு சொல்லலபா. என்னால பாத்து சொல்ல முடியாது. பாக்காதத நான் ஒத்துக்க மாட்டேன்." அவ்வளவுதான். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

அவருடைய கோளாறு லாரியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வாயிலிருந்து வருவதெல்லாம் அப்படித்தான் இருக்கும். எங்கள் மேனேஜருக்குச் சில ஆட்களிடம் போனில் பேசப் பிடிக்காது. "நான் இல்லேன்னு சொல்லிடுங்கம்மா" என்பார். ஆபரேட்டரம்மா எதிர்முனையில் இருப்பவரிடம், "சார் கீறாரு. உங்களாண்ட பேச மாட்டாராம்" என்று பளிச்சென்று சொல்லிவிடுவார். மேனேஜர் கத்திப் பார்த்தார், மெமோ கொடுப்பேன் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவரே வழிக்கு வந்தார். வேண்டாத போன் வந்தால் ஆபரேட்டரம்மா தகவல் சொல்வார். மேனேஜர் விறுவிறுவென்று எழுந்து பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நிற்பார். பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, "சார் சீட்ல இல்ல" என்பார் இவர். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு தொட்டியோரம் நின்ற மேனேஜரை நான் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட அம்மையாரிடம்தான் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

பெண் சிங்கப்பெருமாள் கோவில். பெண் பார்க்கப் போயிருந்தபோது அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "உங்க கம்பெனில லேடீஸ் வேலைக்கு எடுக்கறாங்களா?" கொடுத்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, "டெலிபோன்ல ஒருத்தங்க இருக்காங்க" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நான் தொலைந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இப்படி பஸ்ஸில் வைத்து நான் எடுத்த முடிவுகள் எதுவும் அதுவரை உருப்பட்டதில்லை.

பெண்ணின் அப்பா செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நாள் முழுக்க சாட்சிகளை எப்படி மடக்குவது என்று கேட்டுக் கேட்டுப் பழுத்தவர். தரகர் என்னைப் பற்றிச் சொன்னதில் 'நிரந்தர உத்தியோகம்' என்றும் இருந்தது. பெண் வீட்டில் அதைக் கேட்டதும் நான் தரகரைப் பார்த்தேன்; தரகர் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார். பெண்ணின் அப்பா எங்கள் கம்பெனி நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "சும்மா, ஒரு வார்த்தை விசாரிக்கத்தான்."

மறுநாள் நான் முதல் வேலையாக ஆபரேட்டரம்மாவிடம் போனேன்.

"மேடம், செங்கல்பட்டுலேர்ந்து ஒருத்தர் போன் பண்ணுவாரு. என்னப் பத்தி கேப்பாரு."

"கேக்கட்டும்."

"பர்மனென்ட்டான்னு கேட்டா..."

"டிரெய்னின்னு சொல்றேன்."

"அதான் வேணாங்கறேன் மேடம்."

"வேற இன்னா சொல்றது? நீ டிரெய்னிதான?"

"சீக்கிரம் ஆயிடுவேன் மேடம். பர்மனென்ட் ஆர்டரு மேனேஜர் டேபிள்ல கீதுன்னு சொல்றாங்க."

"டேபிள்ல கீறது உன் கைக்கு வரட்டும். அன்னிக்கு சொல்றேன்."

"தெரியாதுன்னாவது சொல்லுங்க. கால்ல வேணா வியுறேன்."

"எனக்குத்தான் தெரியுமே தம்பி. கால்ல வியுந்தா மட்டும் மறந்துடுமா?"

மேனேஜர் செய்தது போல நான் போய்த் தொட்டியோரம் நிற்கலாம். ஆனால் எவ்வளவு நேரம் நின்றாலும் டிரெய்னி, தொட்டியோரம் நிற்கிற டிரெய்னியாகத்தான் ஆவான்.

போன் அன்றைக்கே வந்தது. நான் குடோனில் சரக்குப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னதும் விழுந்தடித்து ஓடினேன். அறை வாசலை எட்டியபோது ஆபரேட்டரம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"டிரான்ஸ்ஃபிக்ஸ்! அட, ஆமா சார்! நேத்துலேர்ந்து டி.என்.எக்ஸ். வண்டி இங்கியேதான் நிக்குது. எனக்குத் தோணவே இல்ல பாருங்க!"

நடந்தது இதுதான். நான் வர நேரமாகும் என்று சொன்னவர், அதுவரை சும்மா இருப்பானேன் என்று என் வருங்கால மாமனாரிடமே மூன்று எழுத்தைக் கொடுத்திருக்கிறார். அவரும் சளைக்காமல் யோசித்து வார்த்தையைச் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவ்வளவு மனம் குளிர்ந்து போயிருக்கும் நேரத்தில் ஆபரேட்டரம்மா நிச்சயம் எனக்காக ஒரு பொய் சொல்வார் என்று நினைத்தேன்.

"இன்னா சார்? தம்பியா? இல்ல சார். பர்மனென்ட் இல்ல. டிரெய்னிதான்."

அதே வெளிச்சம் மாறாத முகத்தோடு சொன்னார்.

சாயங்காலமே தரகர் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் மத்ததப் பேசலாம்னு சொல்லிட்டாருபா. உங்க ஆபீஸ்ல உனக்கு யாராவது விரோதியா?"

இரண்டு நாள் கழித்து மறுபடியும் செங்கல்பட்டிலிருந்து போன். மனசு மாறிவிட்டாரோ என்று நான் ஓடினேன். ஆபரேட்டரம்மா கையை அசைத்து என்னை நிறுத்தினார்.

"உனக்கில்ல தம்பி. எனக்கு."

அதிலிருந்து அது வழக்கமாகவே ஆகிவிட்டது. வக்கீல் கோர்ட்டுக்குப் போன பிறகு, வக்கீலின் போனிலிருந்து, அந்த மனுஷர் எங்கள் கம்பெனியைக் கூப்பிடுவார். கோர்ட் வாசலில் பார்த்த பிளேட் எழுத்துகளை அவர் சொல்வார். எங்கள் கேட்டில் நிற்கும் பிளேட் எழுத்துகளை இவர் சொல்வார். இரண்டு பக்கமும் சிரிப்பு. இரண்டு லைனில் ஒரு லைன் அதற்கே போய்விட, மற்ற லைனுக்கு நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். என் வருங்கால மாமனார் என் கம்பெனிக்கு ஓயாமல் போன் செய்தார். என்னைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்.

அவர்கள் இரண்டு பேரையும் ஒரே ஒரு லாரிதான் அடக்கியது. டி.என்.ஜே. அது வந்து நின்றால் ஆபரேட்டரம்மாவின் முகமே வாடிவிடும். நான் முன்பே ஒரு தடவை "டான்ஜோர்" என்று சொல்லிப் பார்த்திருந்தேன். "ஊர் பேரு செல்லாது" என்று தள்ளிவிட்டார். பிறகு ஒரு நாள் போனில், "டான்ஜோரா? ஊர் பேரு செல்லாது சார்" என்று அவரிடமும் சொல்வதைக் கேட்டேன். நானும் என் மாமனாரும் ஒரே மாதிரி தப்பு செய்கிறவர்கள்! சம்பந்தம் பொருந்தும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

இந்த டி.என்.ஜே.வுக்கு ஒரு வார்த்தை கண்டுபிடித்துவிட்டால், அதைச் சொல்கிற சாக்கில் அவரோடு நேரடியாகப் பேசிவிடலாம் என்று திட்டம் போட்டேன். அக்கவுன்டன்டின் அகராதியை வாங்கிக்கொண்டு போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் படித்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, இப்பவாவது படிக்கணும்னு தோணுச்சே" என்றார். வார்த்தை கிடைக்கவில்லை. கண்தான் எரிந்தது. திங்கட்கிழமை துணிந்து நானே ஒன்றைச் செய்துகொண்டு போனேன்.

"மேடம், டி.என்.ஜே. கிடைச்சிடுச்சு. டென்ஜெட்."

"அப்டின்னா?"

"வால்வு. பெரிய வால்வு. ஜெர்மன் கம்பெனில எல்லாம் இருக்கும்."

அவர் என்னைச் சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் கொடுமை. ஆசையோடு அகராதியை எடுத்தார், ஒவ்வொரு பக்கமாகத் தடவினார், போர்டில் விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருந்தன. ரொம்ப நேரம் கழித்து அகராதியை மூடினார்.

"இல்ல தம்பி."

"உங்க புக்கு பழசு மேடம். ஒத்துக்கலாமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"இல்லாத ஒண்ண நான் ஒத்துக்கினேன்னு வெய்யி. நாளைக்கு எல்லாரும் இல்லாததையே சொல்லி லைன் வாங்கினு போவாங்க. அப்புறம் நான் எதுக்கு இங்க ஒக்காந்துக்கினு கீறேன்?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "என் கல்யாணமே நின்னுடுச்சி மேடம், உங்க ஒரு வார்த்தையால" என்று கத்திவிட்டேன். அறைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "நின்னது உன் ஆர்டரு. அத்தப் போய் கேளு" என்றார்.

அதோடு நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஆனால் டெஸ்பாட்ச் வேலையில் இருந்துகொண்டு ஆபரேட்டரிடம் பேசாமல் இருப்பது, சமையல் வேலையில் இருந்துகொண்டு அடுப்போடு கோபித்துக்கொள்வது மாதிரி. நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவரும் அந்தச் சீட்டிலேயே மூன்று எழுத்தை எழுதித் திருப்பித் தருவார். நான் வார்த்தையை எழுதி நீட்டுவேன். என் ஆங்கிலக் கையெழுத்து அந்த நாட்களில்தான் கொஞ்சம் திருந்தியது.

அவர் சொன்னதை உள்ளூர ஒப்புக்கொள்ளாவிட்டாலும், மேனேஜரிடம் போய்க் கேட்கத்தான் கேட்டேன். வேண்டாத போன் வந்து அவர் தொட்டியோரம் போகும்போதெல்லாம் நானும் பின்னாலேயே போய் நின்றேன். அங்கே அவருக்கு வேறு வேலை கிடையாது. என் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். இந்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தவர், ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு ஆர்டரைக் கையில் கொடுத்தார். "இனிமே அங்கயாவது என்னை நிம்மதியா நிக்க விடு" என்றார்.

ஆர்டரோடு நேரே டெலிபோன் அறைக்குத்தான் போனேன். பேச மாட்டேன் என்ற சபதம் இருந்ததால் ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்தேன். ஆபரேட்டரம்மா முழுவதும் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பி அங்கே ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு எழுத்துகூடக் கேட்காமல் செங்கல்பட்டுக்கு லைன் போட்டார்.

"சார், நான்தான். இல்ல சார், இன்னிக்கு வார்த்த கேக்கல. அன்னிக்கு தம்பிய டிரெய்னின்னு சொன்னேன்ல? இன்னிக்கு காலைலேர்ந்து பர்மனென்ட். நானே படிச்சிப் பாத்துட்டேன்."

இத்தனை நாள் முறைத்துக்கொண்டு திரிந்தோமே என்று வெட்கமாக இருந்தது. ரிசீவருக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. எதிர்முனையில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தாராளமா கேளுங்க சார்" என்றார் ஆபரேட்டரம்மா. "எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்."

நான் அசையாமல் நின்றேன். குமாஸ்தா மீதி விசாரணையைத் தொடங்கிவிட்டார். கேள்விகள் ஆபரேட்டரம்மாவின் காதுக்குள் போயின. பதில்கள் மட்டும் எனக்குக் கேட்டன.

"இல்ல சார்."

குடிப்பானா என்று கேட்டிருப்பார். நல்ல பதில்.

"அதுவும் இல்ல."

சிகரெட்டாக இருக்கலாம். புத்திசாலியா என்று கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

"ஆமா." கொஞ்சம் இடைவெளி. "ஆமா, ஆனா எப்பவும் இல்ல."

எனக்கு வியர்த்தது.

"அது எனக்குத் தெரியாது சார். நீங்க வேற யாரனாதான் கேக்கணும்."

பிறகு எதிர்முனையில் நீளமாக ஏதோ ஒரு கேள்வி. ஆபரேட்டரம்மா நாற்காலியைத் திருப்பி என்னைத் தலையிலிருந்து செருப்பு வரைக்கும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். ஒரு வார்த்தையைத் தேடுகிற பார்வை அது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"சேச்சே" என்றார். "அது இல்லவே இல்ல சார்."

ரிசீவரை வைத்தார். என் சபதம் அங்கேயே போயிற்று.

"இன்னா மேடம் கேட்டாரு?"

"உன்னப் பத்தி கேட்டாரு."

"அதான், இன்னா கேட்டாரு? கடைசியா இல்லவே இல்லன்னீங்களே, அது இன்னா?"

"ஆபரேட்டர் காதுல வியுந்தது வாய்ல வரக் கூடாது தம்பி. லைன் வேணுமா, வேணாமா? வேணாம்னா கெளம்பு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்து முகூர்த்தம் பேசிவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்கு ஆபரேட்டரம்மா வந்திருந்தார். பந்தியில் என் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ரசம் ஆறுவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மாலையும் கழுத்துமாகப் பின்னால் போய் நின்று, "இப்பவாவது சொல்லலாமே" என்றேன். ஆபரேட்டரம்மா அப்பளத்தை உடைத்தார். மாமனார், "விசாரணை முடிஞ்சி தீர்ப்பும் ஆயிடுச்சி, இன்னும் எதுக்கு மாப்ள?" என்றார்.

கடைசி முயற்சியாக என் மனைவியிடம் கேட்டேன்.

"அப்பா அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரே. அந்தக் கடைசிக் கேள்வி நான் கேக்கச் சொன்னதுதான். அதுக்கு என்ன பதில் வந்துச்சின்னு தெரிஞ்ச அப்புறம்தான் நான் சரின்னே சொன்னேன்."

"எந்தக் கேள்வி?"

என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். சிரித்தாள். பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

என்னிடம் இல்லவே இல்லாத ஏதோ ஒன்றுக்காகத்தான் எனக்குப் பெண் கொடுத்திருக்கிறார்கள். அது இன்னதென்று சொல்லிவிட்டால் அது வந்துவிடாமலாவது பார்த்துக்கொள்வேன். சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.